பாலாலயம் இல்லாத தெரு

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி ஜோகூர் பாருவுக்கு வருபவரின் கால், ஊருக்குள் வந்த பிறகும் வெகுநேரம் தெருவில் படுவதில்லை. கடப்பிதழில் முத்திரை விழுந்ததும் சுல்தான் இஸ்கந்தார் கட்டடத்திலிருந்து ஒரு மேல்நடைப்பாலம் அவரை ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து இன்னொரு மேல்நடைப்பாலம் சாலைக்கு மேலாக நடத்திச் சென்று சிட்டி ஸ்குவேர் பேரங்காடியின் குளிர்ச்சிக்குள் இறக்கிவிடுகிறது. பேரங்காடிக்கு எதிர்ப்புறம், ஜாலான் வோங் ஆ ஃபூக்கைக் கடந்தால் சில நிமிட நடையில் ஊர் பிறந்த இடமே இருக்கிறது. ஜாலான் துருஸ், ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் டோபி, நம்மவர் லிட்டில் இந்தியா என்று சொல்லும் ஜாலான் உங்கு புவான் எல்லாம் அங்கேதான். பாலத்தில் ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல் போய்வருகிறார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அவர்களில் எத்தனை பேர் படியிறங்கி இந்தத் தெருக்களுக்கு வருகிறார்கள்?

பழைய நகரை என்ன செய்வது என்ற பேச்சு ஜோகூர் பாருவில் புதிதல்ல. இடித்துக் கட்டு என்பது ஒரு கட்சி. அப்படியே வை என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவில் இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது மறுபயன்பாடு: கட்டடத்தின் உடல் இருக்கட்டும், வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்கிற வழி. பண்டகசாலை தங்கும் விடுதியாகும், மளிகைக் கடை காப்பிக்கடையாகும், ரயில் நிலையம் அருங்காட்சியகமாகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று கட்சியும் கட்டடத்தைப் பற்றியே பேசுகின்றன. உள்ளே இருந்தவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இந்தக் கட்டுரைக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

முதலில் ஊர்க் கதை. 1855-ல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரியில் தொடங்கிய குடியிருப்புதான் அவர் மகன் அபு பக்கார் காலத்தில் ஜோகூர் பாரு என்று பெயர் மாறியது. காட்டை வெட்டிக் காம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள் சீனர்கள், பெரும்பாலும் தியோச்சூக்கள். ஆற்றுக்கு ஒரு தலைவன் என்று ‘கங்சு’ முறையில் நிலம் அவர்களுக்கு விடப்பட்டது. அந்த வணிகத்தின் பெரும்புள்ளி தான் ஹியோக் நீ. இஸ்தானா பெசாரைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ ஃபூக். வோங்குக்கு ஆற்றோரம் தன் பெயரில் ஒரு கம்பமே, அதாவது ஒரு குடியிருப்பே, இருந்தது. தன் கம்பத்துக்கென்று தனியாக நோட்டு அடித்தவர் அவர். ஜாலான் சியூ நாம், ஜாலான் சியூ சின், ஜாலான் சியூ கூன் எல்லாம் அவர் பிள்ளைகளின் பெயர்கள். ஒரு குடும்ப அட்டையை விரித்துவைத்துக்கொண்டு அந்தப் பகுதியில் வழி கண்டுபிடித்துவிடலாம்.

தமிழர் வந்தது ரயிலோடும் சாலையோடும். ஜோகூர் ரயில்பாதை 1909-ல் முடிந்தது. கடற்பாலம் 1924-ல் முறையாகத் திறக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே, 1911-ல், ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு ராஜமாரியம்மன் கோயில் எழுந்தது. நிலம் சுல்தான் இப்ராஹிம் கொடுத்தது. அதனால்தான் மாரியம்மன் ராஜமாரியம்மன் ஆனாள் என்பது ஊர்வழக்கு. கோயிலைச் சுற்றிப் பூக்கடை, மளிகை, துணிக்கடை, நகைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, காசு மாற்றும் கடை என்று ஒரு தெரு உண்டாயிற்று. சற்றுத் தள்ளி ஜாலான் டோபி. வண்ணார் தொழில் அங்கே இப்போது பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது. ஜாலான் துருஸில் சீனர்களின் பழைய கோயிலும் சீக்கியரின் குருத்துவாராவும், கூப்பிடு தூரத்தில் கத்தோலிக்கத் தேவாலயமும் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும். ‘துருஸ்’ என்றால் நேராக என்று பொருள். நேராக நடந்தால் எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டு வரலாம்.

இந்த நகர் எப்படி ஆளற்றுப் போனது? சட்டம் ஒரு காரணம். 1948-க்கு முந்தைய கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவிடாமல் பிடித்துவைத்திருந்தது 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீட்டுக்காரருக்கு வருமானம் இல்லை; ஆகவே ஓடு மாற்ற மாட்டார். குடியிருப்பவருக்கு வாடகை மலிவு. ஆகவே நகர மாட்டார். கட்டடம் இடியாமலும் செழிக்காமலும் அப்படியே நின்றது. 1997-ல் சட்டம் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு சலுகைக்காலமும் முடிந்தது. அதே 1999-ல்தான் சிட்டி ஸ்குவேரும் திறந்தது. பிறகு 2008 டிசம்பரில் குடிநுழைவும் சுங்கமும் புதிய வளாகத்துக்கு மாறின. முன்பு பாலத்திலிருந்து இறங்கியவர் நேரே வோங் ஆ ஃபூக் தெருவில் நடந்து வருவார். இனி மேலே நடந்தார். 2009-ல் மாநில நிர்வாகம் புக்கிட் தீம்பாலானிலிருந்து கோத்தா இஸ்கந்தாருக்குப் போனது. 1940-ல் கட்டி முடித்த சுல்தான் இப்ராஹிம் கட்டடத்தின் கோபுரம் இன்றும் ஊர் முழுக்கத் தெரிகிறது. அதன் அடியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த குமாஸ்தாக்கள்தான் இல்லை. 2010 அக்டோபரில் ரயிலும் பழைய நிலையத்தை விட்டு ஜேபி சென்ட்ரலுக்கு மாறியது. வரிசையாக இரண்டே ஆண்டுகளில் மூன்று இடப்பெயர்வு. எந்தத் தெருவாலும் தாங்க முடியாது.

காலியான தெருவுக்குத்தான் மறுபயன்பாடு வந்தது. அமெரிக்கரான ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்: புதுக் கட்டடத்தின் வாடகையைத் தாங்க முடியாத தொழில்களுக்கு இடம் கொடுப்பது பழைய கட்டடம்தான், அதனால் நகரத்துக்கு அது வேண்டும். தான் ஹியோக் நீ தெருவில் 2010-க்குப் பிறகு நடந்தது இதுதான். ஊர்ப் பிள்ளைகள் குறைந்த வாடகைக்குக் கடைவீடுகளை எடுத்துக் காரையை உரித்துச் செங்கலைக் காட்டி, காப்பி இயந்திரம் வைத்தார்கள். காலியிடத்தில் சரக்குப் பெட்டியைப் போட்டுத் தேநீர் விற்றவர்களும் உண்டு. சீனச் சமூகம் 2009-ல் ஜாலான் இப்ராஹிமில் ஒரு கடைவீட்டைத் தன் மரபுடைமை அருங்காட்சியகமாக்கிக்கொண்டது. இவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர்கள் வராமல் இருந்திருந்தால் அங்கே ஆலமரம் முளைத்திருக்கும். மலேசியாவில் சுவரில் ஆல் முளைக்க ஒரு மழைக்காலம் போதும்.

ஆனால் பழைய தெருவுக்கு வெளியூர்க்காரரை உண்மையில் இழுப்பது எது என்று பார்த்தால், மாறிய கடைகளைவிட மாறாத கடைகள்தான். தான் ஹியோக் நீ தெருவில் 1919 முதல் விறகு அடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் ஹியாப் ஜூ. ஜாலான் டோபியில் 1937 முதல் இருக்கும் சலாஹுதீன் ரொட்டிக்கடை. இரண்டிலும் கட்டடத்தைவிட அடுப்புதான் சொத்து. அடுப்பை எடுத்துவிட்டுச் சுவரைக் காப்பாற்றினால் என்ன மிஞ்சும் என்று அந்த வாசலில் வரிசையில் நின்றவருக்குத் தெரியும்.

கடைவீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அஞ்சடி என்னும் முன்நடையோடு கூடிய இந்தக் கட்டட வகைக்கு வேர் சிங்கப்பூரில், 1822-ல் ராஃபிள்ஸ் விதித்த விதியில் இருக்கிறது. முன்னால் நிழல், பின்னால் நீண்ட உடல், நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க முற்றம். நம் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவருக்கு அந்த முற்றம் அந்நியமாக இராது. சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், மாடி மரம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடியாக்கும். முற்றத்தை மூடிக் குளிரூட்டி வைத்தால் மரத்தில் பூசணம். ‘அழகாகப் புதுப்பித்தது’ என்று படம் போட்டுக்கொள்ளும் கட்டடங்களில் பல இந்த இரண்டு தவற்றையும் செய்தவை. இவற்றைவிட மோசமான மறுபயன்பாடும் மலேசியா பார்த்ததுதான்: சன்னல்களை அடைத்து, மாடியை இருட்டாக்கி, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டு, உள்ளே விலைக்குப் போகும் பறவைக்கூடு வளர்ப்பது. ஜார்ஜ் டவுனில் 2013 இறுதிக்குள் அவற்றை வெளியேற்றச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது. கட்டடத்தை இடிக்கவில்லை, வேலையைத்தான் மாற்றினார்கள். அகராதிப்படி அதுவும் மறுபயன்பாடுதான்.

ஆற்றின் கதை இன்னும் சுவையானது. ஊர் பிறந்ததே சுங்கை செகெட் ஆற்றங்கரையில். வோங் ஆ ஃபூக் தெரு அதன் ஓரமாகவே ஓடுகிறது. காலப்போக்கில் ஊரின் கழிவெல்லாம் அதில் சேர்ந்து, தெருவுக்குள் நுழையும்போதே மூக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2000-களில் அதற்குக் கண்ட தீர்வு, மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடுவது. நாற்றம் மூடிக்கு அடங்குமா? அதே பத்தாண்டில், 2005-ல், தென்கொரியாவின் சோல் நகரம் தன் நடுவே புதைந்து கிடந்த சோங்கேசோன் ஓடையை, மேலிருந்த விரைவுச்சாலையையே இடித்து, சுமார் 6 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டிருந்தது. ஜோகூர் பாருவும் பின்னர் வழி மாறியது. 2006-ல் உருவான இஸ்கந்தார் மலேசியா திட்டத்தின்கீழ் மூடியை எடுத்து, கழிவைச் சுத்திகரித்து, கரையில் நடைபாதை அமைத்தார்கள். ஆறு மறுபடி வெளிச்சத்தைப் பார்த்தது. அந்த ஊரில் நடந்த புதுப்பிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. ஏனென்றால் இதில் யாரும் காலிசெய்ய வைக்கப்படாமல் எல்லாருக்கும் பலன் கிடைத்தது.

சட்டத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கூட்டரசுடையது. நிலமோ மாநிலத்துடையது. ஆகவே மாநிலத்துக்குள் இருக்கும் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க மாநில அதிகாரத்தின் சம்மதம் வேண்டும். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதால், ஜார்ஜ் டவுனில் சுமார் 109 ஹெக்டேர் மையப்பகுதிக்கு எல்லைக்கோடும், அதற்கென்று தனித் திட்ட ஆவணமும் உண்டு. ஜோகூர் பாருவுக்கு அப்படிப்பட்ட கோடு இல்லை. கோயில், பள்ளிவாசல், அரண்மனை என்று தனித்தனியாக மதிப்பு உண்டு. இரண்டு பெரிய கட்டடங்களுக்கு இடையே இருக்கும் இருபது சிறிய கடைகளுக்குத்தான் பேரில்லை. ஆனால் தெரு என்பது அந்த இருபது கடைகள்.

2025 ஆகஸ்டில் நகரப் புதுப்பிப்பு மசோதா ஒன்று மக்களவையில் வைக்கப்பட்டது. 30 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்பினால் மறுமேம்பாடு செய்யலாம் என்றது அது. 30 ஆண்டுக்கு உட்பட்டதென்றால் 80. கைவிடப்பட்டதோ ஆபத்தானதோ என்றால் 51 போதும். எதிர்ப்பு கிளம்பி விவாதம் தள்ளிவைக்கப்பட்டது. 75 நியாயமா, 100 வேண்டுமா என்றுதான் அப்போது எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். எந்த விழுக்காட்டிலும் வாடகைக்காரர் சேர்த்தியில்லை என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. லிட்டில் இந்தியாவில் வாடகைக்குக் கடை நடத்துவோர் பலர். அவர்களைப் பொறுத்தவரை அந்த எண் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

இங்கே தமிழனுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு, ஒரு தனி வெளிச்சமும் உண்டு. பழையதை அப்படியே வைத்திருப்பது நம் பழக்கம் அல்ல. கோயிலென்றால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு. கோபுரத்துக்குப் புது வண்ணம், தளத்துக்குப் புதுக் கல். தெப்ராவ் சாலைப் பக்கம், ரயில்பாதையோரம் இருக்கும் ராஜகாளியம்மன் கோயில் 1922-ல் ஒரு சிறு குடில்; இன்று 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயில். 2010-ல் மலேசிய சாதனைப் புத்தகத்திலும் ஏறியது. மரபுடைமை வல்லுநர் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் பழைய குடில் எங்கே என்று கேட்பார். பக்தர், அம்மன் அங்கேயேதான் இருக்கிறாள் என்பார். இரண்டும் சரிதான். தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் நடந்த சேதத்தைப் பற்றி, சென்னை உயர் நீதிமன்றத்தின் வேண்டுகோளின் பேரில் ஆராய்ந்த யுனெஸ்கோ குழு 2017-ல் கடுமையாகவே எழுதியது. ஆனால் உலகமும் கல் மட்டுமே மரபு என்ற இடத்தில் நின்றுவிடவில்லை. ஜப்பானின் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகக் கட்டிப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது போன்ற கேள்விகளுக்குப் பதிலாகத்தான் 1994-ல் நாரா நகரில் ஓர் ஆவணமே எழுதப்பட்டது. அசல் என்பது பொருளில் மட்டுமல்ல, பயனிலும் பழக்கத்திலும் மரபிலும் இருக்கலாம் என்றது அது.

ஜாலான் துருஸின் பழைய சீனக் கோயில் இதற்குச் சான்று. தியோச்சூ, ஹொக்கியன், கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்ற ஐந்து பிரிவினரும் ஆளுக்கொரு சாமியாக ஒரே கூரையின்கீழ் கும்பிடும் கோயில் அது. சீன ஆண்டின் முதல் மாதத்தில் அந்த ஐந்து சாமியும் ஊர்வலம் போகும் சிங்கே விழா நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் கோயிலின் முன்வாயில் இடிக்கப்பட்டபோது சீனர் கொதித்தெழுந்தார்கள். கோயில் பிறகு சீரமைக்கப்பட்டது. வாயில் போய்த் திரும்பி வந்தது. ஊர்வலம் மட்டும் நின்றிருந்தால் திரும்பி வந்திருக்குமா என்பது சந்தேகமே.

திருப்பணிக்கு வருகிறேன். கோயிலில் வேலை தொடங்கும் முன் பாலாலயம் அமைப்பார்கள். மூலவரின் சக்தியைச் சிறு உருவத்துக்கோ கலசத்துக்கோ மாற்றி, பக்கத்திலேயே ஒரு தற்காலிக இடத்தில் வைப்பார்கள். பூசை ஒருநாளும் நிற்காது. வேலை முடிந்ததும் குடமுழுக்கு செய்து சாமியைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார்கள். புதுப்பித்த கருவறைக்கு அதிக வாடகை தருகிற வேறு சாமியைத் தேடும் வழக்கம் நம்மிடம் இல்லை. கடைத்தெருவின் திருப்பணியில் நடப்பதோ அதுதான். கூரை மாற்ற வேண்டும் என்று மளிகைக்காரரைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். அவர் ஏதாவது ஒரு தாமானில், வீடமைப்புப் பகுதியில், கடை பிடிக்கிறார். ஓராண்டு கழித்து இங்கே ஓடும் சுவரும் புதுசாகி, மாவு அரைத்த இடத்தில் கேக் விற்கிறது. அவர் திரும்பி வருவதற்கான ஏற்பாடு எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை.

அண்டை அயலில் பார்த்தால், சிங்கப்பூர் 1989-ல் லிட்டில் இந்தியாவையும் சைனாடவுனையும் கம்போங் கிளாமையும் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்துச் சுவர்களைக் காப்பாற்றியது. முகப்பு, ஓடு, சன்னல் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாடு அங்கே 2001-ல் முழுமையாகப் போயிற்று. வாடகையைத் தாங்கியவர் மட்டும் தங்கினார். ஜார்ஜ் டவுனிலும் சட்டம் போனதும் குடியிருந்தோர் வெளியேறினார்கள். பட்டியலில் ஏறியபின் விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்து வாடகையை இன்னும் ஏற்றின. புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில், வைசியாள் வீதியில், வேறுவிதமாகச் செய்தார்கள். வீட்டின் முகப்பையும் திண்ணையையும் தாழ்வாரத்தையும் சீராக்க உதவித்தொகை கொடுத்து, வீட்டுக்காரரும் செலவில் பங்கேற்க, குடும்பங்கள் அங்கேயே இருக்க, தெருவே பழைய முகத்துக்குத் திரும்பியது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. ஆனால் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். உங்கு புவானுக்கு அதை அப்படியே பெயர்த்து நட முடியாது.

ஜோகூர் பாருவுக்கு மட்டும் உரிய ஒரு சூடும் இருக்கிறது: பக்கத்து நாட்டின் காசு. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சரிசமமாகக் கைமாறின. இன்று சிங்கப்பூரின் ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். அங்கே சம்பளம் வாங்குபவர் இங்கே வாடகை கொடுத்தால் அது அவருக்குச் சில்லறை. இங்கேயே சம்பாதித்து இங்கேயே கொடுப்பவருக்கு அல்ல. 2025 ஜனவரியில் இரு நாடுகளும் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உட்லண்ட்ஸையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் தொடங்கும் என்று திட்டம். 4 கிலோமீட்டர் தூரம், சுமார் 5 நிமிடப் பயணம், ஒரு மணிநேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை.

அந்தப் பத்தாயிரம் பேரை மேல்நடைப்பாலங்கள் மறுபடியும் பேரங்காடிக்கே கொண்டுபோனால் பழைய தெரு இன்னும் காலியாகும். தெருவில் இறக்கிவிட்டால் கூட்டம் வரும். கூடவே வாடகையும் ஏறும். கடைக்காரருக்கு இரண்டும் சங்கடம். முதலாவதற்குத் திட்டமிடுவோர் படிக்கட்டும் நிழலும் அமைத்துத் தீர்வு காணலாம். இரண்டாவதற்குத் தீர்வு வேறு இடத்தில், தேசிய நிலச் சட்டத்தில், இருக்கிறது. மூன்றாண்டுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட குத்தகையை நில உரிமைப் பத்திரத்திலேயே பதிவு செய்யலாம். கட்டடம் கைமாறினாலும் அது நிற்கும். பத்தாண்டுக் குத்தகையைப் பதிவு செய்து தரும் வீட்டுக்காரருக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை, சீரமைப்புக்கு உதவித்தொகை, வேலை நடக்கும் மாதங்களில் கடைக்காரருக்கு அதே தெருவில் ஒரு தற்காலிகக் கடை என்று மாநகர் மன்றம் ஓர் ஏற்பாடு செய்தால், அதைத்தான் நான் பாலாலயம் என்பேன். தீபாவளிச் சந்தைக்கு ஆண்டுதோறும் உங்கு புவானில் கூடாரம் போட இடம் கிடைக்கிறது, மளிகைக்காரருக்கும் கிடைக்காதா?

இப்போதைக்கு வழக்கம் மூன்றாண்டுக்குள் முடியும் ஒப்பந்தம்தான். கோயில் வாசலில் மாலை கட்டுபவர் இன்று அப்படி ஒன்றில் கையெழுத்திட்டால், திட்டப்படி எல்லாம் நடக்கும் பட்சத்தில், அது முடிவதற்கு முன்பே ரயில் ஓடத் தொடங்கியிருக்கும்.